ஹிப்போகாம்ப்: நெப்டியூனின் குட்டி நிலவைப் பழைய படங்களில் தேடிப் பிடித்து அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நெப்டியூனை 23 மணி நேரத்துக்கும் குறைவாகச் சுற்றி வந்துவிடுகிற ஒரு நிலவு இருக்கிறது. பெயர் ஹிப்போகாம்ப். குறுக்களவு ஏறத்தாழ 35 கி.மீ. 1989 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை நெருங்கிக் கடந்தபோது நயாட், தலாசா, டெஸ்பினா, கலாட்டியா, லாரிசா, புரோட்டியஸ் என்னும் ஆறு உள் நிலவுகளைப் படம் பிடித்தது. ஏழாவதாக ஒன்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அது மிக மங்கலானது என்பதால் தப்பிவிட்டது. 2013 ஜூலை 1 அன்று வேற்றுலக உயிர்களைத் தேடும் செட்டி (SETI) நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ஷோவால்டர், 2004 முதல் 2009 வரை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த பழைய படங்களை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது அதைக் கண்டார். தேடிப் பார்த்ததில் 150-க்கும் மேற்பட்ட படங்களில் அந்தப் புள்ளி இருந்தது. அத்தனை ஆண்டுகளாக ஆவணக் காப்பகத்தில் யார் கையிலும் சிக்காமல் கிடந்த நிலவு அது.

அந்தப் படங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. இணைய வசதியும் ஒரு சாதாரணக் கணினியும் இருந்தால் யாரும் அவற்றை இலவசமாக எடுத்து, அதே தேடலைத் தாமே செய்து பார்க்கலாம். பொறுமை வேண்டும், பள்ளிக் கணிதம் போதும். நிரல் எழுதத் தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிட்டாலும் இறுதிப் பகுதியில் உள்ள கணக்குகளைக் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். இவ்வளவு தொலைவில் உள்ள நிலவைப் பற்றி நாம் படிக்கிற எண்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில நேரடியாக அளந்தவை. சில ஓர் ஊகத்தின் மேல் கட்டியவை. சில வெறும் மதிப்பீடு. எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான பாடம். அதனால் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்பதை அறிந்துகொள்வது

பூமிக்கு அருகில் வரும்போது நெப்டியூன் ஏறத்தாழ 434 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும். அப்போது அதன் வட்டு வானத்தில் 2.35 விகலை அகலம் காட்டும். ஒரு பாகையில் 3,600 விகலைகள் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹிப்போகாம்பின் சுற்றுப்பாதை நெப்டியூனின் மையத்திலிருந்து 1,05,283 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது இது அதிகபட்சம் 5 விகலை விலகலாகத் தெரியும். அதாவது கோளின் வட்டுக்கு வெகு அருகில், அதன் ஒளிவெள்ளத்துக்குள்ளேயே நாம் தேடப்போகிறோம்.

இனி ஒளியைப் பார்ப்போம். நெப்டியூனின் தோற்றப் பொலிவெண் 7.8. ஹிப்போகாம்பினுடையது 26.5 என்று கண்டுபிடிப்பின்போது மதிப்பிட்டார்கள். பொலிவெண் 5 கூடினால் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறையும். இங்கே வித்தியாசம் 18.7, கணக்கிட்டால் கோள் அந்த நிலவைவிட ஏறத்தாழ 3 கோடி மடங்கு பிரகாசமானது. வீட்டுத் தொலைநோக்கியில் இதைப் பார்க்க வழியே இல்லை. நெப்டியூனின் பெரிய நிலவான டிரைட்டன் பொலிவெண் 13.5 அளவில் இருப்பதால், நல்ல இருட்டு வானமும் 25 செ.மீ. தொலைநோக்கியும் இருந்தால் அதைப் பார்க்கலாம். முடிந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நாம் தேடுவது அதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் மங்கலானது என்பது அப்போது உறைக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 2004, 2005-இல் இந்தப் படங்களை எடுத்த ஹபிளின் உயர் பிரிதிறன் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 0.025 விகலை. நெப்டியூனின் தொலைவில் அது 525 கி.மீ.க்குச் சமம். ஹிப்போகாம்பின் முழு உடலும் ஒரு பிக்சலின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. எனவே அதன் வடிவம், பள்ளங்கள், மேற்பரப்பு எதையும் எந்தப் படத்திலும் காண முடியாது. இணையத்தில் உலவும் அழகான பாறை உருண்டைப் படங்கள் ஓவியர்கள் வரைந்தவை. உண்மையில் நம்மிடம் இருப்பது ஒரு புள்ளி மட்டுமே.

இரண்டாம் படி: அந்த நேரத்தில் அது எங்கே இருந்தது?

அமெரிக்காவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் என்ற இணையச் சேவை, சூரியக் குடும்பத்துப் பொருள்கள் எந்த நொடியில் எங்கே இருந்தன, எங்கே இருக்கும் என்று சொல்கிறது. இலக்கு என்ற இடத்தில் 814 என்று கொடுங்கள். அதுதான் ஹிப்போகாம்பின் எண். புரோட்டியஸுக்கு 808, நெப்டியூனுக்கு 899. பார்வையிடத்தைப் பூமியின் மையமாகவே விட்டுவிடலாம். ஹபிள் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தாலும், கோளுக்கும் நிலவுக்கும் இடையிலான விலகலில் அதனால் வரும் மாற்றம் நம் வேலைக்குப் பொருட்டல்ல. அட்டவணையில் என்னென்ன வேண்டும் என்று கேட்கும்போது, கோளின் மையத்தைப் பொறுத்து நிலவின் கிடைமட்ட, செங்குத்து விலகலைத் தரும் ஆறாவது விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். விலகல் விகலையில் கிடைக்கும்.

எண்களைவிட வரைபடம் எளிது என்று நினைப்பவர்களுக்கு, நாசாவின் கோள் தரவு அமைப்பில் வளையங்கள், நிலவுகளுக்கான பிரிவு ஒன்று இருக்கிறது. அங்குள்ள கோள் காட்சிக் கருவியில் நாளையும் நேரத்தையும் கொடுத்தால் நெப்டியூன், வளையங்கள், நிலவுகள் எல்லாம் வரைபடமாக வந்து நிற்கும். அதை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது பெரிய உதவி.

சொந்தமாகச் சுற்றுப்பாதைக் கணக்குப் போட விரும்புவோர் ஒளியின் பயண நேரத்தை மறக்கக் கூடாது. நெப்டியூனிலிருந்து ஒளி நம்மை வந்தடைய 4 மணி நேரம் ஆகிறது. அதற்குள் ஹிப்போகாம்ப் தன் பாதையில் 63 பாகை நகர்ந்துவிடும். இதைக் கழிக்காமல் தேடினால் நிலவு இல்லாத இடத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம். ஹொரைசன்ஸ் அந்தத் திருத்தத்தைத் தானே செய்துவிடுகிறது.

மூன்றாம் படி: படங்களை எடுத்தல்

ஹபிளின் படங்கள் மிகுல்ஸ்கி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுருக்கமாக மாஸ்ட் என்பார்கள். தேடல் பெட்டியில் நெப்டியூன் என்று ஆங்கிலத்தில் கொடுத்து, ஆண்டை 2004, 2005 என்றும், கருவியை மேலே சொன்ன கேமரா என்றும் சுருக்கிக்கொள்ளுங்கள். 2007 ஜனவரியில் அந்தக் கேமரா பழுதாகிவிட்டது. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் பொருத்திய அகலப்புலக் கேமரா 3 எடுத்த படங்களும் உதவும். அதில் பிக்சல் 0.04 விகலை.

பட்டியலில் குறுகிய எக்ஸ்போஷர் (கேமரா ஒளியைச் சேர்க்கும் நேரம்) படங்களைத் தள்ளிவிடுங்கள். கோளின் மேகங்களைப் பதிவு செய்ய எடுத்தவை அவை. நமக்கு வேண்டியவை நிமிடக் கணக்கில் நீளும் எக்ஸ்போஷர்கள், அதுவும் தெளிவான வடிகட்டி அல்லது அகன்ற வடிகட்டி போட்டவை. கோள் அவற்றில் வெந்துபோய் வெள்ளைக் குமிழாக இருக்கும். அதுதான் சரியான படம்.

கோப்பின் வகையில் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு எக்ஸ்போஷரும் தனித்தனியாக எஃப்எல்டி என்ற பின்னொட்டோடு கிடைக்கும். பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து அழகுபடுத்திய கோப்பு டிஆர்இசட் என்று முடியும். அழகாக இருக்கிறதே என்று இரண்டாவதை எடுத்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். ஏனென்றால், விண்வெளியிலிருந்து வந்து உணரியில் மோதும் துகள்களான காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் புள்ளிகளை நீக்குவதற்காக, ஒரு படத்தில் மட்டும் இருந்து அடுத்த படத்தில் அதே இடத்தில் இல்லாத எதையும் அந்தச் சேர்க்கை முறை குப்பை என்று வெட்டி எறிகிறது. நகரும் நிலவும் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. எனவே தனி எக்ஸ்போஷர்களையே எடுங்கள். உயர் பிரிதிறன் கேமராவின் மூலப் படம் சற்றே சாய்ந்த நாற்கரமாக உருக்குலைந்திருக்கும். ஒவ்வொரு எக்ஸ்போஷரையும் தனித்தனியே நேர்ப்படுத்திய பிறகுதான் அளக்க வேண்டும்.

கோப்புகள் வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் வடிவத்தில் இருக்கும். திறந்து பார்க்க டிஎஸ்9 என்ற இலவச மென்பொருள் போதும். கணக்கு வேலைக்குப் பைத்தான் மொழியும் ஆஸ்ட்ரோபை தொகுப்பும் இருந்தால் நல்லது.

நான்காம் படி: ஒளிவெள்ளத்தை வடித்தல்

படத்தைத் திறந்ததும் தெரிவது நடுவில் ஒரு வெள்ளைக் குமிழ், அதிலிருந்து விரியும் கதிர்க்கோடுகள், சுற்றிலும் படிப்படியாக மங்கும் ஒளிப்படலம். நாம் தேடும் ஒளி அந்தப் படலத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. படலம் மெல்ல மெல்ல மாறும். நிலவு ஒரு கூர்மையான புள்ளி. இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் 15 பிக்சல் பக்கமுள்ள சதுரத்தை எடுத்து அதன் இடைநிலை மதிப்பை (எல்லா மதிப்புகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கண்டு, அதை அந்தப் பிக்சலிலிருந்து கழித்துவிடுங்கள். படலம் பெரும்பாலும் மறைந்து கூர்மையான புள்ளிகள் எஞ்சும். சதுரத்தை மிகவும் சிறிதாக்கினால் நிலவையும் சேர்த்தே கழித்துவிடுவோம். மிகவும் பெரிதாக்கினால் படலம் போகாது. இரண்டு மூன்று அளவுகளில் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த நிலையிலேயே புரோட்டியஸ் பளிச்சென்று தெரிய வேண்டும். அதன் பொலிவெண் ஏறத்தாழ 20. ஹொரைசன்ஸ் சொன்ன இடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் திசைகள், அளவுகோல், நேரம் எல்லாம் சரி. இல்லாவிட்டால் படத்தின் வடக்குத் திசையைத் தவறாக எடுத்திருப்பீர்கள். ஹபிள் படங்களில் வடக்கு மேலே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, கோப்பின் தலைப்பில் உள்ள கோணத்தைப் படித்துத் திருப்ப வேண்டும். புரோட்டியஸ் சரியான இடத்தில் வந்து உட்காரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: நிலவோடு சேர்ந்து ஓடுவது

இதுதான் வேலையின் உயிர்நாடி. ஷோவால்டரின் கண்டுபிடிப்பு முழுவதும் இந்த ஒரு படியில் அடங்கியிருக்கிறது.

ஒரு படத்தில் ஹிப்போகாம்ப் இரைச்சலோடு, அதாவது பிக்சல்களின் தாறுமாறான ஒளி ஏற்ற இறக்கத்தோடு, இரைச்சலாகத்தான் இருக்கும். பல படங்களைக் கூட்டினால் இரைச்சல் ஒன்றையொன்று தணிக்கும், நிலவின் ஒளி கூடும். பத்துப் படங்களைக் கூட்டினால் மூன்று மடங்கு தெளிவு. ஆனால் நிலவு நின்றால்தானே கூட்ட முடியும்? அதன் வேகம் நொடிக்கு 8 கி.மீ. ஐந்து நிமிட எக்ஸ்போஷர் ஒன்று முடிவதற்குள் 2,400 கி.மீ. போய்விடும். படத்தில் அது நான்கு, ஐந்து பிக்சல் நீளக் கீற்று. ஹபிள் ஒரு சுற்றில் நெப்டியூனைத் தொடர்ந்து பார்க்கக்கூடிய நேரம் முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகம்; அதற்குள் நிலவு 40 பிக்சலுக்கும் மேல் இடம் மாறிவிடுகிறது. படங்களை அப்படியே அடுக்கிக் கூட்டினால் அதன் ஒளி நீண்ட கோடாகப் பரவி இரைச்சலில் கரைந்துபோகும்.

ஓடுகிற வீரனைப் படம் பிடிக்கிறவர் கேமராவையும் அவனோடு சேர்த்துத் திருப்புவார். வீரன் தெளிவாக விழுவான், பின்னணி கலைந்துபோகும். அதையே எடுத்து முடித்த படங்களின் மேல் கணக்கால் செய்கிறோம்.

செய்முறை இது. முதலில், ஒவ்வொரு படத்திலும் நெப்டியூனின் மையத்தைக் கண்டு அதைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். வெந்துபோன கோளின் நடுவைக் கண்ணால் குறிப்பது போதாது. புரோட்டியஸ், லாரிசா, கலாட்டியா போன்ற தெரிந்த நிலவுகளின் இடங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் மையம் துல்லியமாகக் கிடைக்கும்.

அடுத்து, சுற்றுப்பாதை வட்டமாக இருந்தாலும் நாம் சாய்வாகப் பார்ப்பதால் படத்தில் அது நீள்வட்டமாகவே தெரியும். 2005-இல் நெப்டியூனின் தென் அரைக்கோளத்தில் கோடை உச்சத்தில் இருந்தது. தென்துருவம் நம்மை நோக்கி ஏறத்தாழ 28 பாகை சாய்ந்திருந்தது. 28 பாகையின் சைன் மதிப்பு 0.47. எனவே நீள்வட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நீள்வட்டத்தின் நீண்ட அச்சு கிடையாக வரும்படி படத்தைத் திருப்புங்கள். பிறகு செங்குத்தாக 0.47-ஆல் வகுத்து நீட்டுங்கள். இப்போது வட்டம் வட்டமாகிவிட்டது. நெப்டியூனின் துருவத்துக்கு நேர் மேலே இருந்து பார்ப்பதைப் போன்ற படம் உங்கள் கையில் இருக்கிறது.

இனி சுழற்றல். ஹிப்போகாம்ப் 22.8 மணி நேரத்தில் 360 பாகை போகிறது, நிமிடத்துக்கு 0.263 பாகை. முதல் படத்தின் நடு நேரத்தை அடிப்படையாக வைத்து, அதற்குப் பின் எத்தனை நிமிடம் கழித்து ஒரு படம் எடுக்கப்பட்டதோ அத்தனை மடங்கு அதைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்துக்கு 2.63 பாகை. தென்பக்கத்திலிருந்து பார்ப்பதால் நிலவு கடிகார முள்ளின் திசையில் நகரும். நீங்கள் எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். எல்லாப் படங்களையும் இப்படிச் சுழற்றிய பின் ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை எடுங்கள். வெறும் கூட்டல் வேண்டாம். ஒரு காஸ்மிக் கதிர் ஒரே ஒரு படத்தில் விழுந்தாலும் கூட்டலில் போலி நிலவாக நின்றுவிடும். இடைநிலை மதிப்பு அதை ஒதுக்கிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தால், மையத்திலிருந்து நெப்டியூனின் ஆரத்தைப்போல் 4.25 மடங்கு தொலைவில், முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு புள்ளி எழும். அதே படத்தில் புரோட்டியஸைப் பாருங்கள்: அது கீற்றாக இழுபட்டிருக்கும். வேறு தொலைவில் உள்ள நிலவுக்கு வேறு வேகம் என்பதால், ஹிப்போகாம்பின் வேகத்தில் சுழற்றும்போது மற்ற எல்லாம் கலைந்துபோகின்றன. ஒவ்வொரு தொலைவுக்கும் அதற்குரிய ஒரே ஒரு வேகம். அந்த வேகத்தில் சுழற்றும்போது மட்டுமே கூர்மையாகும் புள்ளி அந்தத் தொலைவில் உண்மையாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. தேடலும் சான்றும் ஒன்றாகவே அமைந்துவிட்ட இந்த முறையின் நேர்த்தியை நான் மிகவும் மதிக்கிறேன். ஷோவால்டர் நெப்டியூனின் வளையங்களில் உள்ள வில்போன்ற துண்டுகளை ஆராயத்தான் இப்படிச் செய்துகொண்டிருந்தார். அதே கணக்கை வளையங்களுக்கு வெகு வெளியே வரை நீட்டிப் பார்த்தபோது இந்தப் புள்ளி வந்து நின்றது.

ஆறாம் படி: அது நிலவுதானா?

பின்னணி நட்சத்திரமாக இருக்குமோ? நெப்டியூன் நமக்கு அருகில் இருக்கும் காலத்தில் நட்சத்திரங்களுக்கு இடையே மணிக்கு 4 விகலை அளவில் நகர்கிறது. ஹபிள் கோளைத் தொடர்வதால் நட்சத்திரங்கள் ஐந்து நிமிடத்தில் 14 பிக்சல் நீளக் கோடுகளாகிவிடும், எல்லாம் ஒரே திசையில். எளிதில் இனம் காணலாம். பழுதான பிக்சல்கள் உணரியில் நகராமல் ஒரே இடத்தில் இருக்கும். சுழற்றிய படத்தில் அவை சிதறிவிடும்.

இருந்தாலும் ஒரே இரவின் தரவை நம்பி முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு மாதத்தின் படங்களை எடுத்து, அதே வேகத்தை முன்னோக்கி ஓட்டி, புள்ளி எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துவிட்டுப் பாருங்கள். எழுதிய இடத்தில் அது இருந்தால் ஐயமில்லை. ஆண்டுக்கணக்கில் இடைவெளி உள்ள படங்களை இப்படி இணைக்கும்போதுதான் சுற்றுக் காலம் பல தசம இலக்கங்கள் வரை துல்லியமாகிறது. ஹிப்போகாம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றிலேயே மிக உறுதியானது அதன் பாதைதான்.

ஏழாம் படி: புரோட்டியஸை அளவுகோலாக வைத்துக் கணக்கிடுதல்

இனி கால்குலேட்டர். படத்தில் புள்ளியின் தொலைவை அளந்தால் 1,05,283 கி.மீ.க்கு அருகில் வர வேண்டும். புரோட்டியஸின் தொலைவு 1,17,647 கி.மீ.; சுற்றுக் காலம் 1.122 நாள். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, தொலைவுகளின் விகிதத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் காலங்களின் விகிதம் கிடைக்கும். 1,05,283-ஐ 1,17,647-ஆல் வகுத்தால் 0.8949. அதை அதன் வர்க்கமூலமான 0.9460-ஆல் பெருக்கினால் 0.8466. இதை 1.122-ஆல் பெருக்கினால் 0.950 நாள், அதாவது 22 மணி 48 நிமிடம். ஐந்தாம் படியில் பயன்படுத்திய எண் இதுதான். தொலைவையும் காலத்தையும் தனித்தனியாக அளந்து இரண்டும் இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவு தனி.

அளவு? இங்கேதான் தரை வழுக்கத் தொடங்குகிறது. வடிவம் தெரியாத புள்ளியின் அளவை அதன் ஒளியிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். புரோட்டியஸின் விட்டம் சுமார் 420 கி.மீ.; வாயேஜர் அதை நேரில் அளந்தது. அதன் மேற்பரப்பு கருமையானது, விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஹிப்போகாம்பும் அதே கருமை என்று வைத்துக்கொள்வோம். பொலிவெண் வித்தியாசம் 6.5, ஒளி 400 மடங்கு குறைவு. ஒளி பரப்பளவைப் பொறுத்தது என்பதால் விட்டம் அதன் வர்க்கமூலமான 20 மடங்கு குறைவு. 420-ஐ 20-ஆல் வகுத்தால் 21 கி.மீ. 2013-இல் அறிவித்த அளவு 16 முதல் 20 கி.மீ. வரை என்பதால் நம் கணக்கு அதற்கு அருகில் வந்துவிட்டது.

ஆனால் 2019 பிப்ரவரியில் ஷோவால்டரும் இம்கே டி பாட்டர், ஜாக் லிசாவர், ராபர்ட் பிரெஞ்ச் ஆகியோரும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில் விட்டம் 34.8 கி.மீ., நான்கு கி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்றிருக்கிறது. நம் 21 கி.மீ.யிலிருந்து இந்த அளவுக்குப் போக வேண்டுமானால், ஒளி 2.7 மடங்கு கூடியிருக்க வேண்டும், அல்லது மேற்பரப்பு அதே மடங்கு கருமையாக இருக்க வேண்டும். கன அளவில் பார்த்தால் வித்தியாசம் நாலரை மடங்கு! ஒரே நிலவு, ஆறு ஆண்டு இடைவெளி. சுற்றுப்பாதையைப் போல இந்த எண்ணை நம்பிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிறையை யாரும் அளந்ததே இல்லை. அதன் ஈர்ப்பால் வேறொரு பொருள் விலகுவதைக் கண்டால்தான் அளக்க முடியும். இவ்வளவு சிறிய உடலுக்கு அது இதுவரை சாத்தியப்படவில்லை. தண்ணீரின் அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் 17.4 கி.மீ. ஆரத்துக்கு 22 லட்சம் கோடி டன் வரும். மேற்பரப்பு ஈர்ப்பு பூமியுடையதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவவிட்ட கல் தரையைத் தொட 20 நொடி ஆகும். நொடிக்கு 13 மீட்டர் வேகத்தில் எறிந்தால் திரும்பவே வராது. இவை எல்லாம் அடர்த்தி பற்றிய ஊகத்தின் மேல் நிற்பவை என்பதை எழுதும்போது குறிப்பிட்டுவிடுங்கள்.

அங்கிருந்து வானம் எப்படித் தெரியும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. தொலைவுகள் தெரிந்தால் போதும். நெப்டியூன் 27 பாகை அகலத்துக்கு வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நம் முழுநிலவைப்போல் ஐம்பது மடங்குக்கும் அதிகமான அகலம். சூரிய ஒளி பூமியில் விழுவதில் 900-இல் ஒரு பங்கு. உள்ளே வேகமாகச் சுற்றும் ஹிப்போகாம்ப் 6.2 நாளுக்கு ஒருமுறை புரோட்டியஸை முந்துகிறது. அந்த நேரத்தில் இரண்டுக்கும் இடையே 12,400 கி.மீ.தான். புரோட்டியஸ் அப்போது 2 பாகை அகலத்தில், நம் நிலவைப்போல் நான்கு மடங்காகத் தெரியும்.

எட்டாம் படி: எண்களிலிருந்து வரலாறு

இத்தனை சிறிய நிலவு, தன்னைவிடக் கன அளவில் 1,750 மடங்கு பெரிய புரோட்டியஸுக்கு இவ்வளவு நெருக்கத்தில் எப்படி வந்தது? நெப்டியூனின் தன்சுழற்சி 16.11 மணி நேரம். அதே காலத்தில் சுற்றும் நிலவு இருக்க வேண்டிய தொலைவைக் கெப்ளர் விதியால் கண்டால் 83,500 கி.மீ. அதற்கு உள்ளே உள்ள நயாட் முதல் லாரிசா வரையிலான ஐந்தும், கோளும் நிலவும் ஒன்றையொன்று ஈர்த்து உருமாற்றுவதால் வரும் ஓத விசையால், மெல்ல உள்ளே சரிகின்றன. வெளியே உள்ள இரண்டும் விலகிப் போகின்றன. விலகும் வேகம் நிலவின் நிறையைப் பொறுத்தது. பெரிய புரோட்டியஸ் வெகுதூரம் நகர்ந்திருக்கிறது. ஹிப்போகாம்ப் ஏறக்குறைய பிறந்த இடத்திலேயே நிற்கிறது. காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் புரோட்டியஸ் ஹிப்போகாம்பின் இடத்துக்கே வந்து சேர்கிறது.

புரோட்டியஸின் மேல் ஃபாரோஸ் என்னும் பெரும் பள்ளம் இருக்கிறது, 200 கி.மீ.க்கும் அதிக அகலம். நிலவின் விட்டத்தில் பாதிக்கும் மேல். அந்த மோதலில் தெறித்த சிதைவின் ஒரு சிறு பகுதி அங்கேயே தங்கித் திரண்டு ஹிப்போகாம்ப் ஆனது என்பது 2019 கட்டுரையின் வாதம். வால்மீன் மோதல்களால் கடந்த 400 கோடி ஆண்டுகளில் அது சுமார் 9 முறை உடைந்து மீண்டும் சேர்ந்திருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். புரோட்டியஸே முதல் தலைமுறை நிலவு அல்ல. டிரைட்டன் வெளியிலிருந்து பிடிபட்டு எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கியபோது பழைய நிலவுகள் நொறுங்கின. அந்தச் சிதைவிலிருந்து திரண்டவைதான் இன்றைய உள் நிலவுகள் என்று கருதப்படுகிறது. அப்படியானால் ஹிப்போகாம்ப் மூன்றாம் தலைமுறை. எனக்கு இந்த விளக்கம் நம்பத்தக்கதாகவே படுகிறது. பாதையும் பள்ளமும் ஓதக் கணக்கும் மூன்று பக்கத்திலிருந்து வந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஆனாலும் இரண்டின் மேற்பரப்பும் ஒரே பொருளால் ஆனவையா என்று பார்க்காமல் இது நிரூபணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.

அடுத்து எங்கே போகலாம்?

ஹிப்போகாம்ப் கைவசமானால் நயாடைத் தேடுங்கள். நெப்டியூனுக்கு மிக அருகில், 48,200 கி.மீ. தொலைவில் 7 மணி நேரத்தில் சுற்றும் அது ஒளிவெள்ளத்தில் இன்னும் ஆழமாக மூழ்கியிருப்பதால் அதிகக் கடினம். 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் இருந்த அதையும் ஷோவால்டரின் குழு இதே 2004 படங்களிலிருந்துதான் மீட்டது. முன்கணித்த இடத்திலிருந்து அது வெகுதூரம் விலகியிருந்தது; அதனால்தான் அத்தனை காலம் பிடித்தது.

யுரேனஸ் பக்கமும் வேலை இருக்கிறது. 2025 பிப்ரவரி 2 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 40 நிமிட எக்ஸ்போஷர்கள் பத்தை எடுத்தது. அவற்றில் ஏறத்தாழ 10 கி.மீ. அகலமுள்ள ஒரு புதிய நிலவு சிக்கியதாக அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தார்கள். யுரேனஸின் மையத்திலிருந்து அதன் தொலைவு 56,000 கி.மீ. யுரேனஸின் இன்னொரு நிலவான மிராண்டாவின் தொலைவு 1,29,390 கி.மீ., சுற்றுக் காலம் 1.4135 நாள். ஏழாம் படியில் செய்ததைப் போலவே விகிதத்தை எடுத்து ஒன்றரை அடுக்குக்கு உயர்த்துங்கள். விடை ஏறத்தாழ 9.7 மணி நேரம் வர வேண்டும். பத்துக் கி.மீ. என்ற அளவைச் சொல்லும்போது, அதன் மேற்பரப்பும் அண்டை நிலவுகளைப் போலவே கருமை என்ற ஊகத்தோடு வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.